நொண்டாத கால்கள்

இந்த எபிசோட் கால்களைப் பத்தி. இன்னும் சரியாச் சொன்னா, ஆபரேஷன் முடிஞ்சு குணமாகிட்டிருக்கிற கால்களைப் பத்தி. இதுல எனக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு, அதை நடுவுல சொல்றேன். முதல்ல லண்டன்ல ஒரு ராத்திரிக்குப் போவோம்.

1950களோட தொடக்கம். வேலூர் சி.எம்.சி.யில வேலை பார்க்கிற ஒரு ஆங்கிலேய சர்ஜன், அமெரிக்கா போயிட்டு வேலூருக்குத் திரும்புற வழியில லண்டனுக்கு வந்து சேர்றார். நீண்ட கப்பல் பயணம், அப்புறம் ரயில். உடம்பும் சரியில்லை. ரூமுக்கு வந்து ஷூ, சாக்ஸைக் கழட்டும்போது, குதிகால்ல ஒரு பக்கம் தொட்டா எதுவுமே தெரியலைன்னு கவனிக்கிறார். ஒரு ஊசியை எடுத்துக் கணுக்காலுக்குக் கீழே குத்திப் பார்க்கிறார். ரத்தம் வருது. வலி வரலை.

நமக்கு இப்படி ஆனா, கால் மரத்துப்போச்சுன்னு ரெண்டு உதறு உதறிட்டுப் படுத்திருப்போம். ஆனா அவர் வருஷக்கணக்கா தொழுநோயாளிகளோட கை கால்களைத் தொட்டு வேலை பார்த்தவர். தோல்ல உணர்ச்சி போறதுக்கு அந்த நோய்ல என்ன அர்த்தம்னு அவருக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இனிமே ஆபரேஷன் பண்ண முடியுமா, மனைவி குழந்தைகளை விட்டுப் பிரிஞ்சு வாழணுமான்னு என்னென்னவோ யோசனை. விடிஞ்சதும் அதே ஊசியை எடுத்து மறுபடி குத்துறார். கத்திட்டார். அவ்வளவு வலி! ரயில்ல அசையாம உட்கார்ந்து வந்ததுல நரம்பு அழுந்தியிருக்கு, அவ்வளவுதான் விஷயம். ஒரு ஊசிக் குத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் வேற யாரும் இருந்திருக்க மாட்டாங்க.

அவர் பேர் பால் பிராண்ட். ஆங்கிலேயர்னு சொன்னேன், ஆனா பிறந்தது நம்ம கொல்லிமலையில, 1914இல். அப்பா அம்மா மிஷனரிகள். மலையில செருப்பில்லாம ஓடி, மரம் ஏறி வளர்ந்த பையனை 9 வயசுல படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க. அப்பாவை அதுக்கப்புறம் அவர் பார்க்கவே இல்லை. 1929இல் காய்ச்சல்ல இறந்துட்டார். பிராண்ட் டாக்டருக்குப் படிக்கிறதுக்கு முன்னாடி சில வருஷம் தச்சு வேலையும் கட்டட வேலையும் கத்துக்கிட்டார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. அவர் பின்னாடி பண்ணின பாதி விஷயம் டாக்டர் மூளையைவிட ஆசாரி மூளைன்னுதான் எனக்குத் தோணுது.

1946இல் வேலூருக்கு வந்தார். அடுத்த வருஷம், செங்கல்பட்டு பக்கத்துல திருமணியில இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே இருந்தவங்களுக்கு விரல்கள் மடங்கிப்போய் நகம் மாதிரி வளைஞ்சிருக்கு. பலருக்கு விரலே இல்லை. பாதம் குட்டையாகித் தேய்ஞ்சிருக்கு. அந்தக் காலத்துல எல்லாரும், டாக்டர்கள் உட்பட, நம்பினது என்னன்னா, இந்த நோய் வந்தா சதை தானாவே அழுகி உதிரும். அதனால ஆபரேஷன் பண்ணி என்ன பிரயோஜனம்? பஸ்ல ஏத்தவே யோசிச்ச காலம் அது. பொது ஆஸ்பத்திரியில படுக்கை கிடைக்கிறதும் கஷ்டம்.

பிராண்டும் அவரோட குழுவும் வேலூர்ல இந்த நம்பிக்கையைத் தலைகீழாப் புரட்டினாங்க. கிருமி நரம்பைத் தாக்குது. நரம்பு போனா வலி தெரியாது. வலி தெரியாததால தினமும் காயம் படுது, அந்தக் காயங்கள்தான் விரல்களைத் தின்னுது. இதை அவங்க துப்பறியும் கதை மாதிரி ஒவ்வொரு காயமாத் துரத்திக் கண்டுபிடிச்சாங்க. துருப்பிடிச்ச பூட்டைத் திறக்க பிராண்ட் திணறிக்கிட்டு இருக்கும்போது, ஒரு சின்னப் பையன் வந்து அலட்சியமா சாவியைத் திருகித் திறந்துட்டான். இவ்வளவு பலமான்னு கையைப் பார்த்தா, விரல்ல எலும்பு தெரியுற அளவுக்கு வெட்டு. அவனுக்குத் தெரியவே இல்லை. இன்னும் சிலருக்கு ராத்திரியில விரல் காணாமப்போச்சு. ஒரு நாள் கண் விழிச்சுக் காவல் இருந்து பார்த்தா, தூங்குறவங்க கையை எலி கடிச்சுக்கிட்டு இருந்திருக்கு! அதுக்கப்புறம் வீட்டுக்குப் போற நோயாளிகளோட ஒரு பூனையையும் சேர்த்து அனுப்பினாங்க. மருந்துச்சீட்டுல எழுத வேண்டிய பூனை.

கைக்குக் கதை இப்படி. காலுக்கு வரும்போதுதான் பிராண்ட் கவனிச்ச ஒரு விஷயம் என்னைப் பிடிச்சு உலுக்கிடுச்சு. பாதத்துல பெரிய புண்ணை வச்சுக்கிட்டு மனுஷங்க நடந்து வர்றாங்க. ஆனா யாரும் நொண்டலை.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. உங்க செருப்புல ஒரு சின்னக் கல் இருந்தாலே நீங்க நொண்டுவீங்க. முள் குத்தினா, கொப்புளம் வந்தா, நகம் பெயர்ந்தா, நீங்க யோசிக்கிறதுக்கு முன்னாடியே உடம்பு எடையை அடுத்த பக்கத்துக்கு மாத்திடும். எதுவுமே அடிபடாத கால்கூட ரொம்ப தூரம் நடக்கும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இடம் மாத்திக்கிட்டே இருக்கும். நொண்டுறது உடம்பு தனக்குத் தானே பண்ணிக்கிற வைத்தியம். அவங்களுக்கு அது கிடையாது. புண் இருக்கிற அதே இடத்துல, அதே எடையை, ஆயிரம் தடவை வைப்பாங்க.

இங்கே என் கதை. போன வருஷம் எனக்கு இடது பாதத்துல, சுண்டுவிரலுக்குப் போற எலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் பண்ணி ஒரு ஸ்க்ரூ வச்சாங்க. ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில ஊனக் கூடாது. லிஃப்ட் இல்லாத வீடு, மூணாவது மாடி. கஷ்டம் எதுல இருக்கும்னு நான் முன்னாடி நினைச்சிருந்தேனோ, அதுல எதுவும் இல்லை. படி இறங்குறதை உட்கார்ந்த வாக்குலயே, ஒவ்வொரு படியா, ரெண்டு நாள்ல பழகிடலாம். ரெண்டு கைலயும் ஊன்றுகோல் இருக்கும்போது ஒரு டம்ளர் காபியை அடுப்படியிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவர முடியாதுங்கிறதுதான் என்னை அழ வச்சது. அம்மா கடைசியில ஒரு பழைய ஜவுளிக்கடைப் பையை என் கழுத்துல மாட்டி, அதுல ஃப்ளாஸ்க்கைப் போட்டு விட்டாங்க. குளிக்க பாத்ரூம்ல பிளாஸ்டிக் சேர். காலுக்குப் பாலிதீன் கவர், மேலே ரப்பர் பேண்ட். வர்றவங்க எல்லாரும் "நல்லா ரெஸ்ட் எடு"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. எடுத்துக்கிட்டுதானே இருக்கேன்!

மூணாவது வாரம் வலி சுத்தமாப் போயிடுச்சு. அப்போதான் நிஜமான கஷ்டம் ஆரம்பிச்சது. முதல் பத்து நாள் யாரும் என்கிட்ட காலை ஊனாதேன்னு சொல்லத் தேவையே இருக்கலை, வலி பார்த்துக்கிச்சு. இப்போ போலீஸ்காரர் ட்யூட்டி முடிஞ்சு போன சிக்னல் மாதிரி இருக்கு. பிசியோதெரபிஸ்ட்கிட்ட கேட்டேன்: "வலிதான் இல்லையே, அப்புறம் ஏன் நடக்கக் கூடாது?" அவங்க சிரிச்சுட்டு, "எலும்பு ஒட்டுறதுக்கும் வலி போறதுக்கும் ஒரே தேதி கிடையாது, கண்ணு"ன்னாங்க. மீதி மூணு வாரமும் என் கால் என்கிட்ட எதுவும் சொல்லலை. காலண்டரை நம்பி உட்கார்ந்திருந்தேன். அந்த மூணு வாரத்துலதான் பிராண்ட் எழுதினதை எல்லாம் தேடிப் படிச்சேன். வாழ்நாள் முழுக்க காலண்டரை மட்டும் நம்பிக் காலைப் பார்த்துக்கிறவங்களுக்கு வேலூர்ல என்ன பண்ணாங்க?

மாவுக்கட்டு போட்டாங்க. மாவுக்கட்டு பழைய சரக்குதான். 1850களோட தொடக்கத்துல, டச்சு ராணுவ டாக்டர் அந்தோனியுஸ் மத்தைசன், துணிப்பட்டையில பிளாஸ்டர் மாவைத் தேய்ச்சு வச்சு, தண்ணியில நனைச்சுச் சுத்துற முறையைக் கண்டுபிடிச்சார். உடைஞ்ச எலும்புக்கு. அதை உணர்ச்சி இல்லாத பாதத்துப் புண்ணுக்குப் போட்டுப் பார்த்ததுல ஒரு முன்னோடி, கொழும்புல இருந்த சர்ஜன் மில்ராய் பால், 1930கள்ல. இலங்கைத் தமிழர், இந்தக் கதையில அவர் பேர் போதுமான அளவு வர்றதில்லைன்னு எனக்கு ஒரு வருத்தம். இந்தியாவுலயும் அதே காலத்துல இந்த முயற்சி நடந்துச்சு. பிராண்ட் இதை எடுத்துப் பெரிய அளவுல செஞ்சார்.

புண்ணை மூடிக் கட்டுப் போட்டு வாரக்கணக்கா பார்க்காம இருக்கிறதுன்னா யாருக்கும் பயமா இருக்கும். அவருக்கும் இருந்தது. கட்டைப் பிரிக்கும்போது நாத்தம் தாங்காது. ஆனா கழுவிப் பார்த்தா உள்ளே புண் சிவப்பா, ஆரோக்கியமா ஆறிக்கிட்டு இருக்கும். வருஷக்கணக்கா மருந்து போட்டும் ஆறாத புண்ணுங்க! கட்டுக்குள்ள அதிசய மருந்து எதுவும் கிடையாது. பாதத்தோட ஒட்டி வார்த்த கட்டு, எடையை ஒரே இடத்துல விழவிடாம பாதம் முழுக்க, கெண்டைக்கால் வரைக்கும் பரப்பிடுது. தொழுநோயாளியோட சதை ஆறாதுன்னு சொன்னது பொய். எல்லார் சதையும் மாதிரியே ஆறும், ஆற விட்டா.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. "ரெஸ்ட்"னா என்னங்கிற சண்டை மருத்துவத்துல ரொம்பப் பழசு. லண்டன் சர்ஜன் ஜான் ஹில்டன் 1863இல் ஓய்வும் வலியும் பத்தி ஒரு புத்தகமே போட்டார். வலி வந்தா அந்த இடத்துக்கு ஓய்வு கொடு, மீதியை உடம்பு பார்த்துக்கும்னு அவர் வாதம். அது கொஞ்சம் கொஞ்சமா, எதுக்கெடுத்தாலும் வாரக்கணக்கா படுக்கையில போடுற வழக்கமா மாறிடுச்சு. 1947இல் ரிச்சர்ட் ஆஷர்ங்கிற இங்கிலாந்து டாக்டர், படுத்தே கிடக்கிறதோட ஆபத்துகளை வரிசையா எழுதினார். காலில் ரத்தம் உறையும், எலும்பு தேயும், மலச்சிக்கல், மனச்சோர்வு. வேலூர்க் கட்டு இந்தச் சண்டைக்கு நடுவுல ஒரு வழி கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு. பாதத்துக்கு ஓய்வு, ஆளுக்கு நடை. பஸ்ல ஏத்தாத, வேலைக்குப் போனாத்தான் சோறுங்கிற மனுஷனை ரெண்டு மாசம் படுக்கச் சொன்னா அவன் படுப்பானா?

புண் தவிர ஆபரேஷனும் உண்டு. முழங்காலுக்குப் பக்கத்துல வெளிப்புறமா ஓடுற நரம்பு கெட்டுப்போனா, பாதத்தை மேலே தூக்க முடியாது, தொங்கிடும். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தரையில 'டப்'புன்னு போடணும். அதுக்கு வேலூர்ல பண்ணின ஆபரேஷன்ல, கணுக்காலோட உள்பக்கம் பின்னாடி ஓடுற ஒரு நல்ல தசைநாணை எடுத்து, பாதத்தோட முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து கட்டுவாங்க. பாதத்தை உள்பக்கம் திருப்பிக்கிட்டு இருந்த தசை, இனிமே பாதத்தைத் தூக்கணும். தையல் போட்டதும் வேலை முடிஞ்சதுன்னு நினைப்போம். கட்டு பிரிச்சதுக்கு அப்புறம்தான் அசல் வேலை. கால் புதுசா வயரிங் பண்ணின வீடு மாதிரி இருக்கும். ஃபேன் ஸ்விட்சைப் போட்டா லைட் எரியும். "தூக்கு"ன்னு மனசுல சொன்னா எதுவும் நடக்காது. "உள்பக்கம் திருப்பு"ன்னு நினைச்சா, பாதம் மேலே எழும்பும். பிசியோதெரபிஸ்டோட உட்கார்ந்து நாள் கணக்கா பழகி, ஒரு கட்டத்துல நினைக்காமலே நடக்க வரும். என் கதையில இவ்வளவு பெரிய விஷயம் எதுவும் இல்லை. எடை பார்க்கிற மெஷின் மேல இடது காலை வச்சு, முள் 10 கிலோவுல நிக்கிற அளவுக்கு மட்டும் அழுத்தப் பழகினேன். அதுவே வேர்த்துடுச்சு.

வேலூர்ல இன்னொருத்தரைச் சொல்லாம இந்த எபிசோடை முடிக்க முடியாது. மேரி வர்கீஸ். சி.எம்.சி.யில டாக்டர். 1954இல் வண்டி கவிழ்ந்த விபத்துல தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துடுச்சு. பிராண்ட் அவர்கிட்ட ஒரு யோசனை சொன்னார்: தொழுநோயாளிகளோட கை ஆபரேஷனை உட்கார்ந்துகிட்டே பண்ணலாம். அவர் சக்கர நாற்காலியில இருந்தபடி அதைச் செஞ்சார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூர் பாகாயத்துல மறுவாழ்வு மையம் திறந்தாங்க. எழுந்து நடக்க முடியாத நோயாளிக்கு, சக்கர நாற்காலியில உருண்டு வர்ற டாக்டர். இதுக்கு மேல நான் எதுவும் சேர்க்கலை.

சரி, கட்டுப் பிரிச்சு, புண் ஆறி, ஆள் வீட்டுக்குப் போறார். கொஞ்ச நாள்ல அதே புண்ணோட திரும்பி வர்றார்! ஏன்னா அதே வெறுங்கால், அதே ரோடு. அதனால பிராண்ட் செருப்புக்கு வந்தார். ஆசாரி மூளைன்னு சொன்னேனே, அது இங்கேதான். மெழுகு, மரம், பிளாஸ்டர், பிளாஸ்டிக்னு எல்லாத்தையும் போட்டுப் பார்த்தாங்க. கடைசியில நிலைச்சது மைக்ரோசெல்லுலார் ரப்பர், நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைஞ்ச ரப்பர். உள்ளே அது, அடியில முள் ஏறாத கெட்டியான டயர். ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டணும்; ஆணி மேலே எழும்பினா போட்டிருக்கிறவருக்குத் தெரியாதே. தமிழ்நாட்டுல இன்னிக்கும் இதுக்கு எம்.சி.ஆர். செருப்புன்னு பேர். சுகர் இருக்கிறவங்க வீட்டுல பார்த்திருப்பீங்க. செருப்போட சேர்த்து நடையும் சொல்லிக் கொடுத்தாங்க: சின்னச் சின்ன அடியா, மெதுவா.

ஆனா செருப்பு வந்ததும் ஒரு புதுச் சிக்கல். அது பார்க்கத் தனியா தெரிஞ்சது. தெருவுல போனா, செருப்பைப் பார்த்தே இவருக்கு என்ன நோய்னு ஊர் கண்டுபிடிச்சுடும். அதனால பலர் வாங்கி வீட்டுல வச்சுட்டு வெறுங்காலோட போனாங்க. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பாதத்துல வலி தெரியாது, பார்வை தெரியுமே.

1966இல் பிராண்ட் அமெரிக்கா போய், லூசியானாவுல கார்வில் தொழுநோய் மருத்துவமனையில சேர்ந்தார். அங்கே போனதும், சர்க்கரை நோயாளிகளோட பாதப் புண்ணைப் பார்த்துட்டு, இது வேலூர்ப் புண்ணேதான்னு புரிஞ்சுக்கிட்டார். வேலூர்ல போட்ட அதே கட்டு அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் போச்சு. அங்கே எலியோட பாதத்தை மெஷின்ல வச்சு, மிதமான அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தாங்க. ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாத அழுத்தம், நாள் பூரா ஆயிரக்கணக்குல திரும்பினா, சில நாள்ல புண். தடவைகளைக் குறைச்சு, வாரக்கடைசியில லீவு விட்டா, புண் இல்லை. தோல் தடிச்சு இன்னும் பலமாச்சு. எலிக்கும் ஞாயித்துக்கிழமை வேணும்.

அங்கேதான் அவர் தன்னோட பெரிய ஆசையைச் செஞ்சு பார்த்தார். செயற்கையா வலியை உண்டாக்குறது. கையுறையிலயும் சாக்ஸிலயும் அழுத்தத்தை அளக்கிற சென்சார் வச்சு, அளவு மீறினா காதுல சத்தம் வர்ற மாதிரி. நோயாளிகள் சத்தத்தைக் கண்டுக்கலை. விளக்கு எரிய வச்சாங்க. அதையும் கண்டுக்கலை. கடைசியில, உணர்ச்சி இருக்கிற அக்குள்ல மின்சார ஷாக் கொடுத்தாங்க. அது உறைச்சது. ஆனா என்ன ஆச்சுன்னா, ஏதாவது கடினமான வேலை செய்யணும்னா ஷாக் அடிக்கும்னு தெரிஞ்சு, முதல்லயே சுவிட்சை அணைச்சுட்டு, வேலையை முடிச்சுட்டு, திரும்பப் போட்டுக்கிட்டாங்க. பல வருஷ உழைப்பு, நிறையப் பணம், எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சுட்டார். நிஜ வலிக்கு அணைக்கிற சுவிட்ச் நம்ம கைல இல்லைங்கிறதுதான் அதோட பலம்னு அவர் முடிவுக்கு வந்தார். மூணாவது வாரம் அந்த சுவிட்ச் என் கால்ல தானாவே அணைஞ்சதும், நான் இதைப் படிச்சுக்கிட்டுதான் இருந்தேன்.

2003இல் பிராண்ட் இறந்தார். கார்வில்ல அவங்க பாதத்தைச் சோதிக்கப் பயன்படுத்தின ஒரு சின்னக் கருவி நம்ம ஊர் சுகர் கிளினிக் வரைக்கும் வந்திருக்கு. ஒரு கைப்பிடியில ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்துல வளையும். உங்க அப்பாவையோ அத்தையையோ அடுத்த செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனா, பாதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. கண்ணை மூடச் சொல்லிட்டு, அந்த இழையை உள்ளங்கால்ல ஒவ்வொரு இடமா வைப்பாங்க. தெரியும்போதெல்லாம் "ஆமா"ன்னு சொல்லணும். நீங்க பக்கத்துல நின்னு, அவங்க எந்த இடத்துல சொல்லாம விடுறாங்கன்னு கேட்டுக்கிட்டு இருங்க.